வேலுத்தாய் சாவடியின் மண்சுவர்

வேலுத்தாய் என்ற அம்மாளுக்கு நான் இருபத்தொரு ரூபாய் கடன்பட்டிருந்தேன். கைமாற்று அல்ல, வட்டிக்கு வாங்கியதும் அல்ல. எனக்குக் காது குத்திய அன்று அவர் செய்த மொய். எங்கள் பக்கத்தில் அதைச் செய்முறை என்போம். ஒருவர் நம் வீட்டு விசேஷத்தில் செய்தால், அவர் விசேஷம் வைக்கும்போது நாம் திருப்பிச் செய்தாக வேண்டும். அப்பன் திருப்பாமல் போய்விட்டால் அது மகன் தலையில் ஏறும். என் தலையில் அப்படி ஒன்று ஏறி உட்கார்ந்திருந்தது ஐம்பத்திரண்டு வயதுவரை எனக்குத் தெரியாது. எனக்கு மட்டும்தான் தெரியாது.

என்னைத் தெரியாதவர்கள் போடியில் குறைவு. ஏலக்காய்க் கமிஷன் கடை சுருளிவேல் என்றால் பஸ் ஸ்டாண்டிலேயே வழி சொல்வார்கள். ராசிங்காபுரத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பன்னிரண்டு வயதில் அப்பன் மொக்கையன் செத்துப்போனார். சாக்குத் தைக்கும் ஊசி ஒன்றோடு போடிக்கு நடந்து வந்தேன். இன்றைக்கு ஒரு பிடி காயை அள்ளி முகர்ந்தால் எந்தப் பக்கத்துத் தோட்டம், எத்தனை நாள் காய்ந்தது, நடுவில் மழை தொட்டதா இல்லையா எல்லாம் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைதான், ஆனாலும் உண்மை. அந்தக் காலத்தில் நான் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று உண்டு: ‘ஒருத்தன் காசும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை.’ அதை நினைத்தால் இப்போது காது கூசுகிறது.

வேலுத்தாய் என் கடையில் காய் புடைத்துக் கூட்டிப் பெருக்கும் வேலையில் இருந்தார். ஜீப்பு வருவதற்கு முன்னால் மலைத் தோட்டங்களுக்கு அரிசி, உப்பு, கருவாடு எல்லாம் தலைச்சுமையாகப் போன காலத்தில், சுமை தூக்கிய பெண்களில் ஒருவர். உச்சந்தலையில் சும்மாடு உட்கார்ந்த இடத்தில் முடி கிடையாது. கழுத்து திரும்பாது. கூப்பிட்டால் உடம்போடு சேர்ந்து முழுசாகத் திரும்பித்தான் பார்ப்பார். என்னைவிட இருபது வயது மூத்தவர். நான் அவரை ‘ஏ கெழவி’ என்றுதான் கூப்பிடுவேன். வேலைக்குச் சேர்ந்த அன்று, நீங்கள் ராசிங்காபுரம் மொக்கையன் மகன்தானே என்று கேட்டார். ஆமாம் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். அவர் முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அவர் படுப்பது மலைச்சாவடியில். போடிமெட்டு ரோட்டில், ஊரைத் தாண்டி மலை ஏறத் தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்கும் கட்டடம் அது. மூன்று பக்கம் கருங்கல் சுவர், ஓட்டுக்கூரை. நடுவில் நான்கு கல்தூண்கள். மூன்றில் பூவேலை, நாலாவது மொட்டை. மேற்குச் சுவர் மட்டும் மண். சுமைக்காரர்கள் காலம் முடிந்த பிறகு அதை யாரும் கவனிக்கவில்லை. ஒரு மூலையில் வேலுத்தாயின் பாயும் சட்டியும் இருக்கும்.

எண்பதாம் வருடம் அந்த இடத்தின் மேல் எனக்குக் கண் விழுந்தது. மலையிலிருந்து இறங்கும் லோடு முதலில் கண்ணில் படுகிற இடம். அங்கே ஒரு குடோன் போட்டால் பாதிக் காய் நம் கைக்கு வந்துவிடும். நிலம் புறம்போக்கு. பட்டா கேட்டு மனு போட வேண்டுமானால், கட்டடம் யார் கட்டியது, எந்தக் குடும்பம் பார்த்துவந்தது என்று காட்டினால் நல்லது என்று ராஜாராம் சொன்னான். வியாபாரிகள் சங்கத்து மேனேஜர், பட்டப்படிப்பு படித்தவன். அதற்கென்ன, வரலாற்றை நானே கண்டுபிடிக்கிறேன் என்றேன். பட்டா வந்தால் இடித்துவிட்டு குடோன். வேலுத்தாய்க்கு என் கடைக்குப் பின்னால் தாழ்வாரம் இருக்கிறது, அங்கே படுத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்து அவரிடமும் சொன்னேன். முறத்தைத் தட்டிவிட்டு, “சரி மொதலாளி” என்றார்.

ஒன்றரை வருடம் ஆராய்ந்தேன். சும்மா இல்லை. ராஜாராமை டேப்போடு கூட்டிப்போய் நீள அகலம் அளந்தேன். பூவேலைத் தூண்களைத் தடவிப் பார்த்து, இது பாளையக்காரர் காலத்து வேலை என்று தீர்த்துவிட்டேன். ஏலக்காயைத் தொட்டுச் சொல்கிறவனுக்குக் கல்லைத் தொட்டுச் சொல்லத் தெரியாதா என்ற நினைப்பு. பெரியவர்களை டீக்கடையில் உட்காரவைத்து டீயும் பஜ்ஜியும் வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். “இது எங்க பாட்டன் காலத்துல எங்க குடும்பம் பார்த்த சாவடிதானே” என்று கேட்பேன். பஜ்ஜியை மென்றுகொண்டே, இருக்கும் அப்பு, இருக்கும் என்பார்கள். நான் கேட்ட கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துக் கொடுத்தேன் என்பது அப்போது உறைக்கவில்லை. அவர்கள் சிரித்ததையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மண்சுவர்தான் மனதில் இடித்தது. மூன்று பக்கம் கல் வைத்தவன் நாலாவது பக்கம் ஏன் மண் வைத்தான்? யோசித்து யோசித்து, அந்தக் காலத்துச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கல்சுவர் விழுந்திருக்க வேண்டும் என்று கண்டுபிடித்தேன். விழுந்த சுவரை மண் வைத்து எழுப்பியவர் என் பாட்டனார். இப்படிச் சேர்த்தபோது எனக்கே உடம்பு சிலிர்த்தது. குண்டு அகப்பட்டால் மனுவுக்கு எவ்வளவு பலம். இரண்டு ஆளை விட்டு சுவரோரமாக முழங்கால் ஆழம் தோண்டினேன். மாட்டு லாடம் ஒன்றும் உடைந்த கலயமும் கிடைத்தன.

தோண்டிய அன்று வேலுத்தாய் வேலை முடிந்து வந்து பார்த்தார். “சுவத்துக் காலை நோண்டாதீக மொதலாளி. மழைக்கு நிக்காது” என்றார். உனக்கென்ன தெரியும், போய்ச் சோற்றை ஆக்கு என்றேன். இத்தனை பேரை விசாரித்தவன், அந்தக் கட்டடத்துக்குள் படுத்து எழும்பும் மனுஷியை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எண்பத்திரண்டு ஆவணியில் சங்கத்து ஆட்களையும் மலை வியாபாரிகளையும் சாவடிக்கே வரவழைத்தேன். பந்தல், நாற்காலி, மைக் செட்டு, கேசரி, காபி. நான் சொல்லி ராஜாராம் எழுதிய வரலாற்றை அங்கே வாசித்து, கூட்டத்தாரிடம் கையெழுத்து வாங்கி மனுவோடு சேர்ப்பதாக ஏற்பாடு. கல்வேலை தெரிந்த ஆள் ஒருவர் தூண்களின் வயதைச் சொன்னால் எடுப்பாக இருக்கும் என்று எங்கள் ஊர் ராசிங்காபுரத்திலிருந்து கொத்தனார் சின்னமுத்துவை ஜீப்பு அனுப்பிக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர். ஆள் மெலிந்திருந்தாலும் கண் கூர்மை. அவரிடம் முன்கூட்டியே பேசிவைக்கவில்லை. பேசிவைக்க வேண்டும் என்று தோன்றவில்லை.

ராஜாராம் வாசித்தான். பீரங்கி வந்தது, சுவர் விழுந்தது, என் பாட்டனார் மண் குழைத்தார். கைதட்டினார்கள். அப்புறம் நான் மைக்கைப் பிடித்து, ஒருத்தன் காசும் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை, எங்கள் வீட்டுக் காசுதான் ஊருக்குச் சாவடியாக நிற்கிறது என்று பேசிவிட்டு, தூணைப் பற்றிச் சொல்லுங்கள் என்று சின்னமுத்துவைக் கூப்பிட்டேன்.

அவர் எழுந்து மொட்டைத் தூணைத் தட்டிப் பார்த்தார்.

“இந்தத் தூணு நான் நட்டது. அந்த மூணும் சிலமலையில ஒரு இடிஞ்ச வீட்டுல இருந்து வண்டியில வந்துச்சு. காசில்லாத ஒருத்தர் மொய்யாக் குடுத்தாரு. மூணுதான் இருந்துச்சு, நாலாவதை நான் கொத்தினேன். எனக்குப் பூவேலை வராது.”

நான் சிரித்தபடி, பெரியவருக்கு வயசாயிருச்சு, வேற சாவடியோட குழப்பிக்கிறாரு என்றேன்.

“குழப்பல அப்பு. முப்பத்தேழாம் வருசம். நானும் என் அண்ணனும் கட்டுனது. கட்டச் சொன்னது அந்தா நிக்குதுல்ல, வேலுத்தாயி.”

வேலுத்தாய் பந்தல் ஓரத்தில் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நான்தான் அந்த வேலைக்கு வரச் சொல்லியிருந்தேன்.

சின்னமுத்து சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன். வேலுத்தாய்க்குக் கல்யாணமான மறு வருடமே புருஷன் மலைக் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை இல்லை. சுமை தூக்கிய கூலியில் சாப்பாடு போக மிஞ்சியதையெல்லாம் கூடச் சுமக்கிறவர்கள் வீட்டு விசேஷங்களில் மொய் செய்தார். காதுகுத்து, சடங்கு, கல்யாணம் ஒன்று விடமாட்டார். வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரு நிம்மதி இருந்தது. பிள்ளை இல்லாதவள், என்றைக்கு விசேஷம் வைக்கப்போகிறாள், எதைத் திருப்பப்போகிறோம் என்று. மலையிறங்கி வரும் பெண்களுக்கு மழை நாளில் ஒதுங்க இடம் கிடையாது. கடை வாசலில் படுத்தால் ஆண்கள் தொல்லை. ஒரு வருடம் அடைமழையில் சுமைக்காரப் பெண் ஒருத்தி புளியமரத்தடியில் பிள்ளை பெற்றாள். பிள்ளை தங்கவில்லை. அதற்கப்புறம் வேலுத்தாய் வீடு வீடாக வெற்றிலை பாக்கு வைத்தார். பிள்ளை இல்லையென்றால் என்ன, கட்டடத்துக்குக் கடைக்கால் போடுகிறேன், அதுதான் என் விசேஷம், வாங்கின மொய்யைக் கொண்டுவாருங்கள் என்றார். ஊர் முதலில் சிரித்தது. வெற்றிலையை எடுத்த பிறகு வராமல் இருக்க முடியாது. காசு உள்ளவர் காசு, இல்லாதவர் ஓடு, தூண், சுண்ணாம்பு, நாலு நாள் கையாள் வேலை. எல்லாம் திரும்பிய மொய். கல்லும் கூரையும் அப்படித்தான் எழும்பின.

“மேக்குச் சுவத்துக்கு ஒரு ஆளோட மொய்யத்தான் நம்பியிருந்தோம்” என்றார் சின்னமுத்து. “பெரிய மொய். இருபத்தொரு ரூவா. அந்த ஆளு வந்தாரு, பந்தியில உக்காந்தாரு, ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாரு. மொய்க்குப் பேரு கூப்பிட்டப்ப ஆளக் காணோம். இலையத்தான் கண்டோம்.”

யாரது என்று கேட்டது நான்தான். வேறு யாரும் கேட்கவில்லை. வேறு யாருக்கும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

“வேணாம் அப்பு.”

“சொல்லுங்க.”

“உங்கப்பன் மொக்கையன். அப்ப அவரும் சுமைக்காரருதான். உனக்குக் காது குத்துன மொய்யில வண்டி மாடு வாங்குனாரு. அதுல பாதிக் காசு வேலுத்தாயோடது.”

அந்த வண்டியில்தான் நான் வளர்ந்தேன். அப்பன் சொந்த உழைப்பில் வாங்கிய வண்டி என்று சங்கத்துக் கூட்டங்களில் எத்தனை தடவை பேசியிருக்கிறேன். மைக்கு கையில் இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. பின் வரிசையில் மலை ஜீப்பு ஓட்டும் ஒருவன், “சுவத்தை இடிச்சது பீரங்கியில்ல மாப்ளே, பந்தி” என்று பக்கத்து ஆளிடம் சொன்னது மைக்கு இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. யாரும் வாய்விட்டுச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கோபப்பட்டிருப்பேன், தப்பித்திருப்பேன். கேசரியைத் தொடாமல் ஒவ்வொருவராக எழுந்துபோனார்கள். டீக்கடையில் என்னிடம் பஜ்ஜி தின்ற பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். வேலுத்தாய் டம்ளரைக் கழுவி முடித்துக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

வீட்டில் என் மனைவி குருவம்மாளுக்கு எனக்கு முன்னாலேயே செய்தி போயிருந்தது. “ஊருக்கே தெரிஞ்சதைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருசமா டீ வாங்கிக் குடுத்தீகளாக்கும்” என்றாள். சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்காராமல் போய்விட்டாள். உனக்கும் தெரியுமா என்று கேட்டேன். கல்யாணமாகி வந்த வருடமே மாமியார் சொல்லிவிட்டாராம். உங்களிடம் எப்படிச் சொல்வது, உங்கள் வாயில் அப்பன் பெருமை ஓய்ந்தால்தானே என்றாள்.

மறுநாள் காலையில் கடைக்குப் போனதும் ஐந்நூறு ரூபாயை ஒரு உறையில் போட்டு வேலுத்தாயிடம் நீட்டினேன். முதல் தடவையாக ‘அக்கா’ என்று கூப்பிட்டேன். அந்தச் சொல் எனக்கே ஒட்டவில்லை. அவர் முறத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

“எதுக்கு இது?”

“அப்பன் பட்ட கடன்.”

“மொய்யின்னா விசேஷத்துல வைக்கணும். விசேஷம் இல்லாம கையில குடுத்தா அது பிச்சை. சனிக்கிழமை கூலியக் குடுங்க, வாங்கிக்கிறேன்.”

ஏன் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை, மனு போடும்போதாவது சொல்லியிருக்கலாமே என்றேன். அவர் உடம்போடு திரும்பி என்னைப் பார்த்தார்.

“தெரிஞ்சேதான் செய்யிறீகன்னு நெனச்சேன்.”

பன்னிரண்டு வருடமாக அந்தம்மா என்னைப் பற்றி அப்படி நினைத்துக்கொண்டே என் கடையைக் கூட்டியிருக்கிறார். கொடுத்த கூலியை வாங்கி முந்தானையில் முடிந்திருக்கிறார். அன்றைக்கே ராஜாராமைக் கூப்பிட்டு மனுவைக் கிழிக்கச் சொன்னேன். அவன் கிழித்துவிட்டு, சாவடி பொதுவில் இருக்கட்டும் என்று சங்கத்தின் பெயரில் ஒரு காகிதம் எழுதினான். அந்தம்மாவை யாரும் அங்கிருந்து கிளப்பமாட்டார்கள் என்று ஆயிற்று. என் மனம்தான் ஆறவில்லை. கொடுக்க வேண்டிய காசு மடியில் இருக்கிறது, கொடுக்க வழியில்லை. விசேஷம் ஒன்று வையுங்கள் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். என் விசேஷம் முப்பத்தேழில் முடிந்துவிட்டது, ஒரே காரியத்துக்கு இரண்டு தடவை வெற்றிலை வைப்பார்களா என்றார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் மேற்குச் சுவர் விழுந்தது. நான் குண்டு தேடித் தோண்டிய இடத்தில்தான் முதலில் உட்கார்ந்தது. அந்தம்மா கிழக்கு மூலையில் படுத்திருந்ததால் தப்பினார். சுவர் விழுந்த பக்கம் வழியாக மழை நேராக உள்ளே அடித்தது. ஓடிப்போய், நாளைக்கே கல்லிறக்கி, சிமெண்டு வைத்து ஒரு வாரத்தில் சுவரை எழுப்புகிறேன் என்று குதித்தேன். அவர் நனைந்த பாயைப் பிழிந்துகொண்டே, “உங்க சுவத்துக்குள்ள நான் படுக்க மாட்டேன்” என்றார். தார்ப்பாய் கட்டிக்கொடுக்கக்கூட விடவில்லை. ஜீப்பு ஓட்டுகிறவர்கள் சாக்கைத் தைத்துக் கட்டினார்கள். நானும் சாக்கு ஊசி பிடித்தவன்தான். தூர நின்று பார்த்தேன்.

கார்த்திகை பிறந்ததும் ஒருநாள் காலையில், கடை திறப்பதற்கு முன்னால் என் வீட்டு வாசலில் தட்டோடு நின்றார். வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். விழுந்த சுவருக்குக் கடைக்கால் போடுகிறேன், இது வேறு காரியம், வந்து சேருங்கள் என்று குருவம்மாளிடம் சொன்னார். என் பக்கம் தட்டை நீட்டினார். வெற்றிலையை எடுத்தேன்.

விசேஷத்தன்று சாவடியில் அறுபது எழுபது பேர். பழைய சுமைக்காரர்களின் பிள்ளைகள் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தார்கள். சாம்பாரும் பூசணிக்காய்க் கூட்டும் அந்தம்மா சேர்த்துவைத்த கூலியில் பொங்கியது. நான் பந்தியில் உட்காரவில்லை. மொய் முடியட்டும், பிறகு சாப்பிடுகிறேன் என்றேன். யாரும் வற்புறுத்தவில்லை. சின்னமுத்து கல்லைக் கூட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு, வருகிற மொய்க்கு இடுப்பளவு கல் வரும், மேலே மண்தான் என்றார். அதுவரைக்கும் போதும் என்றார் அந்தம்மா. இன்றைக்கும் அந்தச் சுவர் அப்படித்தான் நிற்கிறது. எண்பத்தைந்தில் அந்தம்மா அந்தச் சுவரோரம்தான் கண் மூடினார். மண்ணுக்குப் பதில் கல் வைக்க என்னால் முடியும், மூன்று மாடியே கட்ட முடியும். அந்தம்மா விட்டுவைத்ததைத் தொட எனக்கு வாயும் இல்லை, கையும் இல்லை.

மொய்த் தட்டுக்கு முன்னால் வேலுத்தாய் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நின்று ராஜாராம் ஒவ்வொரு பெயரையும் உரக்கச் சொன்னான். ஐந்து, பத்து, இரண்டு என்று தட்டில் விழுந்தது. என் சட்டைப் பையில் ஆயிரத்தொரு ரூபாய் வைத்திருந்தேன். அங்கேயும் என் புத்தி போகவில்லை. இந்தத் தொகையைக் கேட்டால் ஊர் வாயை மூடிக்கொள்ளும் என்றுதான் நினைத்தேன். “ராசிங்காபுரம் மொக்கையன் மகன் சுருளிவேல்” என்று ராஜாராம் சொன்னதும் முன்னால் போய் உறையைத் தட்டில் வைத்தேன். அவர் எடுத்துப் பார்த்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், தாளின் கனம் தெரிந்தவர்.

“இது அதிகம்.”

“வட்டி மாதிரி வச்சுக்கங்க அக்கா.”

“மொய்க்கு வட்டி ஏது. மேல வச்சா அது எம்மேல கடன். உங்க வீட்டு விசேஷத்துக்கு நான் திருப்பணும். எனக்கு இனி யாருக்கும் திருப்ப நாள் இல்ல அப்பு. வாங்குனதை மட்டும் குடு.”

உறையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வாங்கினது இருபத்தொன்று. கடைக்கு வருகிறவர்களுக்கு நான் ஒரு நாள் வாங்கிக் கொடுக்கும் காபிச் செலவுகூட அதைவிட அதிகம். என்னிடம் இருந்ததோ நூறு ரூபாய்த் தாள்கள், மேலே சாஸ்திரத்துக்கு வைத்த ஒற்றை ரூபாய். இருபது ரூபாய்க்குச் சில்லறை வேண்டும். எழுபது பேர் பார்க்க நான் நின்றேன். பந்தி பிடித்துக்கொண்டிருந்த ஒருவன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து நூறு ரூபாய்த் தாளை வாங்கி, ஐந்தும் இரண்டும் ஒன்றுமாகப் பலபேரிடம் திரட்டி மாற்றிக் கொடுத்தான். அன்றைக்குச் சுவரை இடித்தது பந்தி என்று சொன்ன அதே ஜீப்புக்காரன்.

நான் குனிந்து தட்டில் போடப்போனேன்.

“தட்டுல போடாத. கையில எண்ணு” என்றார் வேலுத்தாய்.

கையை நீட்டினார். காய் புடைத்துப் புடைத்துக் கறுத்த விரல்கள், வெளுத்த உள்ளங்கை. எழுதத் தெரியாத காலத்திலும் எனக்குப் பணம் எண்ணத் தெரியும், ஒரு தாள் பிசகாமல் எண்ணுவேன் என்று பெயர் எடுத்தவன். அன்றைக்கு இரண்டு தடவை தப்பியது. மூன்றாவது தடவை முழங்காலிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, கசங்கிய தாள்களையும் காசுகளையும் அவர் உள்ளங்கையில் வைத்தேன். பதினெட்டு, பத்தொன்பது, இருபது. கடைசி ஒற்றை ரூபாயை வைத்தபோதுதான் அவர் விரல்களை மூடினார்.